உதடு ஒன்று, குரல் ஒன்று

ஜப்பானிய நடிகர்கள், ஜப்பானிய இயக்குநர், கதை நடப்பதும் ஜப்பானிய மலையூர். ஆனால் படம் முழுக்க எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள். அதுவும் நாவுக்குப் பழகாத, ஒவ்வோர் அசையிலும் இடறி எழுகிற ஆங்கிலம். 2007இல் வெனிஸ் திரைப்பட விழாவில் போட்டியிட்ட ‘சுகியாகி வெஸ்டர்ன் ஜாங்கோ’வைப் பார்க்கிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். இது நடிப்பின் குறை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கோ படத்தின் உயிரே அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

கதை எளியது. 1185இல் தன்-நோ-உரா கடற்போரில் கெஞ்சி குலம் ஹெய்கே குலத்தை அழித்தது. கெஞ்சியின் கொடி வெள்ளை, ஹெய்கேயின் கொடி சிவப்பு. இன்றும் ஜப்பானியப் பள்ளிகளின் விளையாட்டு விழாவில் பிள்ளைகள் சிவப்பணி, வெள்ளையணி என்று பிரிந்து ஓடுவது அந்தப் போரின் மிச்சம். இயக்குநர் தகாஷி மீக்கே இரு குலத்தின் பிற்காலத்தவரையும் துப்பாக்கியோடு ஓர் ஊருக்குள் விடுகிறார். அங்கே புதையல் இருப்பதாகப் பேச்சு. நடுவில் பெயரில்லாத துப்பாக்கிக்காரன் ஒருவன் வந்து நிற்கிறான். எந்தப் பக்கம் சேர்வது?

இந்தச் சிக்கல் உலகைச் சுற்றி வந்த ஒன்று. அகிரா குரோசவாவின் ‘யோஜிம்போ’ 1961இல் வந்தது: இரண்டு கும்பல், ஒரு தெரு, ஒரு சாமுராய். 1964இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி சாமுராயைக் குதிரைவீரனாக்கி ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ எடுத்தார். அனுமதி வாங்கவில்லை. வழக்கு வந்தது. உலக வசூலில் 15 சதவீதம் தருவது என்று முடிந்தது. 1966இல் செர்ஜியோ கோர்புச்சியின் ‘ஜாங்கோ’. சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு சேற்றில் நடந்து வருகிறார் ஃபிராங்கோ நீரோ, பெட்டிக்குள் இயந்திரத் துப்பாக்கி. மீக்கே படத்தின் பெயரும் பெட்டியும் அங்கிருந்து வந்தவை.

ஒரே கதை, ஆனால் குரோசவா படத்தையும் லியோனி படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கண்ணுக்குக் கிடைக்கும் உலகம் வேறு. காரணம் லென்ஸிலும் படச்சுருளிலும் இருக்கிறது. குரோசவா தொலைநோக்கு லென்ஸ்களை விரும்பினார். அவை தூரத்தைச் சுருக்கும்; தெருவின் இரு முனைகளில் நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டினாற்போல் தெரிவார்கள். லியோனியிடம் அவ்வளவு பணம் கிடையாது. அவர் கையாண்டது ரோமில் உருவான ‘டெக்னிஸ்கோப்’. வழக்கமான 35 மி.மீ. சுருளில் ஒரு சட்டகத்துக்கு ஓரத் துளைகள் நான்கின் நீளம் வேண்டும். இதில் இரண்டே போதும். சுருள் செலவு பாதியானது. சட்டகம் தானாகவே அகலமாகிவிடுவதால், படத்தைப் பக்கவாட்டில் நெருக்கும் சிறப்பு லென்ஸ் தேவையில்லை. அன்றைய நெருக்கும் லென்ஸ்கள் அண்மைக் காட்சியில் முகத்தை உப்பவைத்தன. சாதாரண லென்ஸோ முகத்துக்கு அருகிலேயே போகும். திரை முழுக்க இரண்டு கண்கள் நிற்கும். தூரத்தில் வரும் குதிரையும் தெளிவாகத் தெரியும். லியோனியின் கையெழுத்தாகக் கொண்டாடப்படும் அந்தக் கண்களுக்குச் சிக்கனமும் ஒரு தாய்.

இவ்வளவு அருகில் போனால் உதடும் தெரியுமே! இத்தாலியப் படங்களில் அப்போது படப்பிடிப்பின்போது பேச்சைப் பதிவுசெய்து பயன்படுத்தும் வழக்கமில்லை. லியோனியின் தளத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் மொழி ஆங்கிலம். ஜான் மரியா வொலொன்தேயின் மொழி இத்தாலியன். மரியான் கோக்குடையது ஜெர்மன். பேச்சு முழுவதும் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தது. எந்த மொழியில் பார்த்தாலும் யாரோ ஒருவர் உதடு பிசகும்.

பிசகை மூளை எப்படி எடுத்துக்கொள்கிறது? 1976இல் உளவியலாளர்கள் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் காட்டிய சோதனை வியப்பானது. ‘க’ என்று அசையும் உதட்டின்மேல் ‘ப’ என்ற ஒலியைப் பொருத்தினால் பலருக்கு இரண்டுமற்ற ‘த’ கேட்கிறது. காது தனியாகக் கேட்பதில்லை, கண்ணும் சேர்ந்தே கேட்கிறது. நேரக் கணக்கும் உண்டு. ஒலி படத்தைவிட 45 மில்லிநொடி முந்தினாலே நாம் உணரத் தொடங்குகிறோம்; பிந்தினால் 125 மில்லிநொடி வரை தெரிவதில்லை. இயற்கையில் ஒளியே முந்தும். 34 மீட்டர் தள்ளி மரம் வெட்டுகிறவரின் கோடரிச் சத்தம், வெட்டு விழுந்து பத்தில் ஒரு நொடி கழித்தே காதுக்கு வருகிறது. பிந்துவதற்கு மூளை பழகியிருக்கிறது.

இத்தாலிய வெஸ்டர்ன்களை நேசித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பிசகு அந்த உலகத்தின் தட்பவெப்பம் மாதிரி. கதை நடக்கும் அமெரிக்காவும் இல்லை, படமெடுத்த ஸ்பெயினும் இல்லை, எங்கும் இல்லாத ஓர் இடம் அதனால்தான் உருவாகிறது. மீக்கே அதை இன்னொரு வழியில் எட்டுகிறார். நடிகர்கள் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள். பேசும் மொழியோ அவர்களுடையதில்லை. உதடும் ஒலியும் பொருந்தினாலும் பேச்சின் தாளம் விலகி நிற்கிறது. கூடத்தில் நேர்ந்த பிளவை நடிகரின் நாக்கிலேயே வைத்துவிட்டார். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குவென்டின் டரான்டினோ ஒரு சிறு வேடத்தில் வருகிறார். அவரும் இயல்பாகப் பேசாமல் ஜப்பானியச் சாயல் ஏற்றிக் கடித்துப் பேசுகிறார்.

வேறொரு பொருத்தமும் இருக்கிறது. ஹெய்கே தலைவன் கியோமொரி, ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகத்தில் மயங்கித் தன்னை ஹென்றி என்றே அழைக்கச் சொல்கிறான். அந்த நாடகம் சொல்லும் குலப்போரில் இங்கிலாந்திலும் சிவப்பு ரோஜாவும் வெள்ளை ரோஜாவும்தான் மோதின. வெள்ளை ரோஜாக் குலத்தின் கடைசி அரசர் மூன்றாம் ரிச்சர்டு பாஸ்வர்த்தில் விழுந்தது 1485இல். தன்-நோ-உராவுக்குச் சரியாக 300 ஆண்டு கழித்து. தன்-நோ-உராவில் சாய்ந்தது சிவப்பு, பாஸ்வர்த்தில் வெள்ளை.

படத்தில் இரு குலத்துக்கும் பிறந்த ஹெய்ஹாச்சி என்ற சிறுவன் இருக்கிறான். அவன் பின்னாளில் இத்தாலிக்குப் போய் ஜாங்கோ என்று பெயர்பெற்றான் என இறுதியில் எழுத்து ஓடுகிறது. 1966இல் லூயிஸ் பகலோவ் அமைத்த ஜாங்கோ பாட்டை ஜப்பானிய மொழியில் சபுரோ கிதாஜிமா பாடுகிறார். அதே பாட்டின் பழைய பதிவோடு டரான்டினோ 2012இல் ‘ஜாங்கோ அன்செயின்ட்’ படத்தைத் தொடங்கினார். அதில் ஃபிராங்கோ நீரோவும் ஒரு காட்சியில் வந்து போகிறார்.