இடம் பெயர்ந்த இல்லம்

சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை போன்ற பழைய வணிகப் பகுதிகளில் திண்ணையும் தூண்களும் உடைய வீடுகளைக் காணலாம். அவ்வழியே நாள்தோறும் செல்வோரும் அவ்வீடுகள் வரலாறு கூறுவன என்று எண்ணுவதில்லை. வீடு கூறும் வரலாற்றை அறிய விரும்புவோர், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள செட்டிநாட்டு வணிகர் வீட்டைக் காணுதல் வேண்டும்.

செட்டிநாடு மழை குறைந்த நிலம். அங்கு வாழ்ந்த நகரத்தார் கடல் கடந்து பொருள் தேடினர். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மா அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. அங்கே நெல் விளைவிக்கக் கடன் வழங்கிய நகரத்தார் பெருஞ்செல்வம் ஈட்டினர். பர்மாத் தேக்கு அவர்தம் ஊர்களில் தூணாகவும் கதவாகவும் உருப்பெற்றது.

வீட்டின் முகப்பில் திண்ணை. அது வணிகம் பேசும் இடம். உள்ளே வளவு, அதன் நடுவே வானம் நோக்கிய முற்றம். காற்றும் ஒளியும் முற்றத்தின் வழியே வீடெங்கும் பரவும். திருமணம் முதலிய சடங்குகள் வளவில் நிகழும். அதனைச் சூழ்ந்த அறைகள் மணமான ஆண்மக்களுக்கு உரியவை. பின்கட்டில் அடுக்களை. சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்துப் பூசிய சுவர்கள் பளிங்குபோல் மின்னும்.

ஆயினும் செல்வம் நிலைக்கவில்லை. 1930ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் வாணிகம் சரிந்தது. 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். வருவாய் அற்றது, பங்காளிகளோ பெருகினர். பேணுவோர் இன்றிப் பல வீடுகள் இடிந்தன. அவற்றின் தூண்களும் கதவுகளும் விலைக்குச் சென்றன.

அவ்வாறு மறைய இருந்த வீடுகளுள் ஒன்றே முட்டுக்காட்டை அடைந்தது. அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொணர்ந்து, மரபறிந்த கைவினைஞரைக் கொண்டு மீண்டும் எழுப்பினர். அவ்வீடு அமைந்த தட்சிணசித்ரா என்னும் காட்சியகம் 1996இல் திறக்கப்பட்டது.

வீடு பிழைத்தது, ஆனால் அதன் தெருவும் கோயிலும் உறவினரும் உடன் வரவில்லை. பிறந்த மண்ணிலேயே பேணப்படும் வீடு அன்றோ முழு வரலாற்றையும் கூறவல்லது? 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெசுகோவின் உலக மரபிடத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் பழைய வீடுகள் இருக்கக்கூடும். அவற்றின் அமைப்பை வரைந்து வையுங்கள். ஒவ்வொரு பகுதியின் பெயரையும் பயனையும் முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். இடிந்த சுவரை மீண்டும் எழுப்பலாம். மறந்த வாழ்க்கையை மீட்டல் அரிது.