ரோமில் படிப்பு: ஃபீஸ் கம்மிதான்... செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

வெளிநாட்டில் படிக்க ஆசை. ஆனால் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கும் துணிச்சல் இல்லை. இப்படி யோசிப்பவர்கள் இணையத்தில் தேடும்போது அடிக்கடி கண்ணில் படும் நாடு இத்தாலி. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணத்தைப் பெரும்பாலும் குடும்ப வருமானம்தான் தீர்மானிக்கிறது. அதிலும் தலைநகர் ரோம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பக்கம் கொலோசியம், இன்னொரு பக்கம் வாடிகன்!

ஆனால் ரோம் மலிவான நகரம் கிடையாது. சரியான படிப்பை, சரியான இடத்தில், சரியான தேதிக்குள் பிடித்தவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகிறது. எப்படி?

ஒரே நகரம், இரண்டு கல்வி உலகங்கள்

ரோமில் விண்ணப்பிக்கும் முன் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், அங்கே முக்கியமாக இரண்டு வகைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன என்பது.

முதல் வகை, இத்தாலிய அரசின் பல்கலைக்கழகங்கள். இவற்றில் மூத்தது சபியென்சா. 1303-ல் போப் எட்டாம் போனிஃபேஸ் தொடங்கியது. இன்று ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே படிக்கிறார்கள். டோர் வெர்காடா, ரோமா ட்ரே ஆகிய இரண்டும் 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தவை.

இரண்டாவது வகை, கத்தோலிக்கத் திருச்சபையின் 'பொன்டிஃபிகல்' பல்கலைக்கழகங்கள். 1551-ல் இக்னேஷியஸ் லயோலா தொடங்கிய ரோமன் கல்லூரியின் வாரிசுதான் இன்றைய கிரிகோரியன் பல்கலைக்கழகம். நாம் தினமும் பார்க்கும் காலண்டர் 1582-ல் சீர்திருத்தப்பட்டபோது அதில் முக்கியப் பங்கு வகித்த கணித அறிஞர் கிளாவியுஸ் பாடம் நடத்தியது அந்தக் கல்லூரியில்தான்.

இந்தப் பல்கலைக்கழகங்களில் குருக்களும் கன்னியாஸ்திரிகளும் அதிகம் என்றாலும், மற்றவர்களும் சேரலாம். ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்களின் கட்டண விதிகள் இங்கே செல்லாது. பாடமும் பெரும்பாலும் இத்தாலிய மொழியில்தான். எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், அதன் பட்டம் இந்தியாவில் எப்படி ஏற்கப்படும் என்பதை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

நகரமே லேப்

கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் சான் கிளெமென்ட்டே தேவாலயம் இருக்கிறது. மேலே தெரிவது 12-ம் நூற்றாண்டுக் கட்டடம். படியிறங்கினால் 4-ம் நூற்றாண்டு தேவாலயம். இன்னும் கீழே போனால் பழைய ரோமானியக் கட்டடங்களும், மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டுக் கூடமும். அடுக்குமாடி வீடு போல வரலாறு ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கிறது. ரோமானியக் கோயிலாக இருந்த பாந்தியன் 609-ல் தேவாலயமாக மாறியது. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது.

தொல்லியல், கலை வரலாறு, கட்டடப் பாதுகாப்பு, லத்தீன், கிரேக்கம், இறையியல் படிப்பவர்களுக்கு இது சுற்றுலா இல்லை, பாடத்தின் பகுதி. சபியென்சாவில் மானுடவியல் துறைகளை இணைக்கும் 'குளோபல் ஹ்யுமானிட்டீஸ்' போன்ற சில படிப்புகள் ஆங்கிலத்திலேயே உண்டு.

எங்கே சேர்வது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொலோசியம் இத்தாலிய அரசின் பொறுப்பு. ஆனால் ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளான கட்டகோம்கள் வாடிகனின் பராமரிப்பில் இருக்கின்றன. கிறிஸ்தவத் தொல்லியலுக்கென்றே 1925-ல் போப் பதினோராம் பயஸ் தொடங்கிய தனி நிறுவனமும் ரோமில் உண்டு. ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

ஃபீஸ் எப்போது குறையும்?

தானாகக் குறையாது. 'ஈஸே' என்ற வருமானக் கணக்கைக் காட்ட வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு இதில் 'பாரிஃபிகாட்டோ' என்ற தனி வகை. பெற்றோரின் வருமானம், சொத்து, குடும்ப உறுப்பினர் விவரங்களை இந்தியாவிலேயே வாங்கி, அபோஸ்டில் முத்திரை பெற்று, இத்தாலிய மொழியில் மொழிபெயர்க்க வேண்டும். இதைக் காட்டாவிட்டால் பல இடங்களில் அதிகபட்சக் கட்டணம் விழும். சில பல்கலைக்கழகங்களில் மாணவரின் நாட்டைப் பொறுத்து நிலையான கட்டணமும் உண்டு. எனவே அந்தந்த ஆண்டின் விதிமுறையைப் படித்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஸ்காலர்ஷிப். ரோம் இருக்கும் லாட்சியோ பிராந்தியத்தில் இதை வழங்குவது 'டிஸ்கோ' என்ற அரசு அமைப்பு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். 'போய் இறங்கியதும் அப்ளை பண்ணிக்கலாம்' என்று நினைத்தால் தேதி முடிந்திருக்கும். விண்ணப்பம் வழக்கமாகக் கோடையிலேயே, அதாவது மாணவர் இந்தியாவில் இருக்கும்போதே முடிந்துவிடும். கிடைத்தாலும் பணம் தவணைகளாகத்தான் வரும். முதல் ஆண்டில் குறிப்பிட்ட அளவு கிரெடிட் எடுக்காவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் நேரலாம். ஸ்காலர்ஷிப்பை மட்டும் நம்பி வெறும் கையோடு விமானம் ஏறுவது ஆபத்து.

வாடகைதான் வில்லன்

ரோமில் ஒரு தனி அறைக்கு மாதம் 500 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். வீட்டுக்காரர்கள் பலர் மாணவர்களைவிடச் சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு விடுவதையே விரும்புகிறார்கள். 2025 ஜூபிலி ஆண்டுக்காகக் கோடிக்கணக்கான யாத்ரீகர்கள் வந்தபோது இந்த நெருக்கடி இன்னும் கூடியது. எந்தப் பாரம்பரியம் மாணவரை ரோமுக்கு இழுக்கிறதோ, அதே பாரம்பரியம்தான் வாடகையையும் ஏற்றுகிறது.

இது வெளிநாட்டு மாணவர்களின் பிரச்னை மட்டும் கிடையாது. 2023 மே மாதம் வாடகை உயர்வை எதிர்த்து சபியென்சா வளாகத்திலேயே இத்தாலிய மாணவர்கள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். மிலானில் ஒரு மாணவி தொடங்கிய போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது.

இறங்கியதும் ஓட வேண்டிய ஓட்டம்

விசா கையில் இருந்தால் போதாது. இத்தாலியில் நுழைந்த 8 வேலை நாள்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் கிடைப்பதும் கொடுப்பதும் தபால் அலுவலகத்தில். பிறகு காவல்துறை அலுவலகத்தில் கைரேகை. அட்டை வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நம்ம ஊர் பான் எண் போன்ற 'கோடிச்சே ஃபிஸ்காலே' இல்லாமல் வீட்டு ஒப்பந்தம் போடுவதே கஷ்டம்.

மாணவர் அனுமதியில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 1,040 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். ஆனால் இத்தாலிய மொழி தெரியாமல் பகுதிநேர வேலை கிடைப்பது எளிதில்லை.

பேச வராவிட்டால் மார்க்கும் வராது

இந்தியாவில் எழுதிப் பழகியவர்களுக்கு இது புதுசு. அங்கே பல தேர்வுகள் வாய்மொழியாக, பேராசிரியர் முன் உட்கார்ந்து பதில் சொல்வதாக இருக்கும். மதிப்பெண் 30-க்கு, பாஸ் ஆக 18. குறைவாக வந்ததென்று நினைத்தால் அந்த மதிப்பெண்ணை மறுத்துவிட்டு மறுபடி எழுத வரலாம். சபியென்சா வளாகத்தில் ஞான தேவதை மினெர்வாவின் சிலை இருக்கிறது. தேர்வுக்கு முன் அதன் கண்ணைப் பார்த்தால் ஃபெயில் என்பது மாணவர்களின் நம்பிக்கை!

படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் வீட்டுக்காரர், மருத்துவமனை, காவல் அலுவலகம் எல்லாம் இத்தாலியம்தான். ரோமில் பிறந்து 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தமிழ் படித்த பிறகுதான் இந்த ஊர் மக்களோடு உரையாட முடிந்தது. எதிர்த்திசையில் போகிறவர்களுக்கும் அதே விதிதான். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே அடிப்படை இத்தாலியம் தொடங்குவது செலவில்லாத முதலீடு.

அப்போ யாருக்கு செட் ஆகும்?

ரோமில் மட்டுமே கிடைக்கும் ஏதோ ஒன்று படிப்புக்குத் தேவை என்றால், வாடகையும் அலைச்சலும் தாங்கக்கூடியவை. எந்த ஊரிலும் படிக்கக்கூடிய பாடத்தை ஃபீஸ் குறைவு என்பதற்காக மட்டும் தேர்வு செய்தால், மிச்சமாகும் பணத்தை வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார். அப்படிப்பட்டவர்கள் வாடகை குறைந்த மற்ற இத்தாலிய நகரங்களையும் பார்ப்பது நல்லது. வருமானம் சார்ந்த கட்டணமும் பிராந்திய ஸ்காலர்ஷிப்பும் அங்கேயும் உண்டு.