பந்தை உதைக்கும் காலுக்கு என்ன கூலி?

நம் இராஜாக்கமங்கலம் துறையிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவியர்க்குக் கால்பந்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடற்கரை மணலில் இரண்டு கம்பு நட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். அங்கே ஆடுவோர்க்குக் கூலி கிடையாது. ஆனால், இதே ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டோர்க்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது? அதற்கு ஓர் அளவு உண்டா? இதைச் சற்று ஆராய்வோம்.

நம் ஊர் வள்ளங்களின் பங்கு முறையை எண்ணிப் பார்த்தால் இக்கணக்கு எளிதில் விளங்கும். மீனை ஏலத்தில் விற்ற பணத்திலிருந்து எண்ணெய்ச் செலவு முதலியவற்றைக் கழித்து, மீதியை வள்ளத்துக்காரரும் தொழிலாளரும் பங்கிட்டுக் கொள்கிறார்கள். மீன்பாடு மிகுந்தால் பங்கு மிகும். மீன்பாடு இல்லையேல் பங்கும் இல்லை. கால்பந்துக் கழகத்தின் மீன்பாடு என்பது நுழைவுச் சீட்டு, தொலைக்காட்சி உரிமை, விளம்பரம் ஆகிய மூன்றுமாம். ஆனால் ஆட்டக்காரரின் ஊதியமோ பங்கு அன்று. முன்கூட்டியே எழுதிக் கொடுத்த தொகை. பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தே தீர வேண்டும். தொல்லை முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் 1901 முதல் ஊதியத்திற்கு உச்சவரம்பு இருந்தது. தொடக்கத்தில் வாரத்திற்கு 4 பவுண்டு. 1961-இல் 20 பவுண்டு. அரங்கம் நிரம்பி வழிந்தாலும் ஆட்டக்காரர் அதற்கு மேல் கேட்க இயலாது. ஜிம்மி ஹில் என்பவர் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்யப் போவதாக எச்சரிக்கவே, 1961 ஜனவரியில் அவ்வரம்பு நீங்கியது. சில மாதங்களிலேயே ஃபுல்ஹாம் கழகத்தின் ஜானி ஹெயின்ஸ் வாரம் 100 பவுண்டு பெற்றார். பின்னர் 1995-இல் போஸ்மன் வழக்கின் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்காக இனி ஒரு கழகம் மற்றொரு கழகத்திற்குப் பணம் தர வேண்டியதில்லை என்றாயிற்று. அப்பணத்தில் பெரும்பகுதி ஊதியமாக ஆட்டக்காரர் கைக்கே வந்தது.

இன்றைய நிலை என்ன? 2022-23 பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 20 கழகங்களும் ஊதியத்திற்குச் செலவிட்டது ஏறத்தாழ 400 கோடி பவுண்டு. அது அவற்றின் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இதையாவது பொறுக்கலாம். அதற்கு அடுத்த படியில் உள்ள சாம்பியன்ஷிப் லீகில் 2018-19 பருவத்தில் 100 பவுண்டு வருமானத்திற்கு 107 பவுண்டு ஊதியம் கொடுத்தார்கள்! மேல் லீகிற்கு ஏறிவிட்டால் தொலைக்காட்சிப் பணம் கொட்டும் என்ற நம்பிக்கைதான் காரணம். ஆண்டுதோறும் ஏறக்கூடியவை மூன்றே கழகங்கள். செலவு செய்பவையோ இருபதுக்கு மேல். கடன் வாங்கி வலை வாங்கிய கதைதான்.

பெரிய கழகங்களும் இதற்குத் தப்பவில்லை. பார்சலோனா கழகம் 2021 ஆகஸ்டில் மெஸ்ஸியை இழந்தது. அவரையும் சேர்த்தால் ஊதியச் செலவு வருமானத்தில் நூற்றுக்கு 110 ஆகிவிடும் என்று கழகத் தலைவர் லப்போர்த்தாவே சொன்னார். இப்போது ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம், தன் போட்டிகளில் ஆடும் கழகங்கள் அணிக்காகச் செய்யும் செலவு வருமானத்தில் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று படிப்படியாக விதித்துள்ளது: முதலில் நூற்றுக்கு 90, பிறகு 80, 2025-26 முதல் 70.

நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் முன்பு ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற நிறுவனங்களின் அணிகளே புகழ் பெற்றிருந்தன. ஆட்டக்காரருக்கு அங்கே கிடைத்தது பெருந்தொகை அன்று, ஓர் உத்தியோகம். முழங்கால் ஓய்ந்தாலும் வேலை ஓயாது. இதன் அருமையை இன்றுதான் நன்கு உணர முடிகிறது என்பது நம் கருத்து. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தோன்றிய பின் ஊதியம் பன்மடங்காயிற்று. ஓர் அணி ஒரு பருவத்தில் ஊதியத்திற்குச் செலவிடக்கூடிய தொகைக்கு வரம்பும் வைத்தார்கள். 2022-23-இல் அது 16.5 கோடி ரூபாய். வரம்பு இருந்தும் பல கழகங்கள் நட்டத்திலேயே ஓடின. வருமானம் அதைவிடக் குறைவாயிருந்ததே காரணம்.

நம் மாவட்டத்து இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்த லீகில் புகழ் பெற்றவர். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளுக்கு ஆடி, பின்னர் 2019-20-இல் கோப்பையை வென்ற ஏ.டி.கே. அணியிலும் இடம் பெற்றார். 2020 நவம்பரில் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்று அப்பருவம் முழுதும் ஆட இயலாது போயிற்று. இவ்வளவு சம்பளமா என்று வாய் பிளக்குமுன், அதைச் சம்பாதிக்கும் காலம் எத்துணைக் குறுகியது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2025-இல் அந்த லீகே ஆட்டங்கண்டது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்திற்கும் லீகை நடத்திய நிறுவனத்திற்கும் 2010-இல் ஏற்பட்ட 15 ஆண்டு உடன்படிக்கை புதுப்பிக்கப்படாததால், ஜூலையில் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு கழகம் தன் முதல் அணிக்கு ஊதியத்தையே நிறுத்தியது. செப்டம்பரில் தொடங்கும் பருவம் 2026 பிப்ரவரி வரை தள்ளிப் போயிற்று. ஆட்டமில்லாத கழகமும் மீன்பாடில்லாத வள்ளமும் ஒன்றே.

பெண்கள் அணிகளின் கணக்கோ வேறு. தமிழ்நாட்டு மகளிர் 2018-இல் தேசிய வாகையர் ஆயினர். மதுரையின் சேது அணி 2019-இல் இந்திய மகளிர் லீகை வென்றது. அவர்களுள் சிறந்த இந்துமதி கதிரேசன் காவல் துறையில் உதவி ஆய்வாளர். உத்தியோகம் இல்லாதவர் நிலையை எண்ணித்தான், சம்மேளனம் 2023-இல் மகளிர் லீகின் கழகங்களுக்கு ஒரு நிபந்தனை விதித்தது: இந்திய ஆட்டக்காரிகள் பத்துப் பேருக்காவது ஆண்டுக்குக் குறைந்தது 3.2 இலட்சம் ரூபாய் ஒப்பந்தம் தர வேண்டும். பத்துப் பேருக்கும் சேர்த்து 32 இலட்சம். ஆடவர் அணியின் 16.5 கோடி வரம்பில் அது ஐம்பதில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. தனித்தனியே பார்த்தால் மாதம் 26,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஒப்பந்தம் கட்டாயம் பத்துப் பேருக்குத்தான்; களத்தில் இறங்குவோர் பதினொருவர்.