இடித்த பிறகு வந்த தீர்ப்பு

நியூயார்க்கின் கோனி ஐலேண்டில் 75 ஆண்டுகள் நின்ற ரோலர் கோஸ்டரை மாநகராட்சியே தரைமட்டமாக்கியது. அது தவறு என்று நீதிமன்றத்தில் முடிவானபோது, காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை.

2000, நவம்பர் 17 காலை. கடலோரக் கோனி ஐலேண்டில் இடிப்பு இயந்திரங்கள் வேலையைத் தொடங்கின. சரிந்தது 'தண்டர்போல்ட்'. 1925-இல் கட்டப்பட்டு, 1982 வரை ஓடி, அதன்பின் கொடி படர்ந்து நின்ற ரோலர் கோஸ்டர். உரிமையாளருக்கு முன்னறிவிப்பு இல்லை. இடிந்து விழும் ஆபத்து இருக்கிறது என்பதுதான் மாநகராட்சி சொன்ன காரணம். அப்போது மேயர் ரூடி ஜூலியானி. பக்கத்திலேயே ஒரு பேஸ்பால் மைதானம் எழும்பிக்கொண்டிருந்தது.

அடியில் ஒரு சக்கரம்

ரோலர் கோஸ்டர் வரலாற்றில் கோனி ஐலேண்டுக்குத் தனி இடம் உண்டு. 1884-இல் லாமார்கஸ் தாம்சன் தன் 'ஸ்விட்ச்பேக் ரயில்வே'யை இங்கேதான் ஓடவிட்டார். வேகம் மணிக்கு 6 மைல், கட்டணம் 5 சென்ட். அந்த நிதானமான சவாரி நெஞ்சை உறையவைக்கும் பாய்ச்சலாக மாறியதில் ஜான் மில்லருக்குப் பெரும் பங்கு உண்டு. தண்டர்போல்ட்டை வடிவமைத்தவர் அவர்தான். தண்டவாளத்தை அடியிலிருந்து பிடித்துக்கொள்ளும் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றவரும் அவரே. சங்கிலி ரயிலை உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டுவிடும். அதன்பின் இன்ஜின் கிடையாது, புவியீர்ப்புதான். செங்குத்தாக இறங்கும்போது பெட்டி தடத்தைவிட்டு எழும்பாமல் காப்பது அந்த அடிச் சக்கரம். இன்றைய கோஸ்டர்கள் வரை இந்த உத்தி தொடர்கிறது.

தண்டர்போல்ட்டுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த கென்சிங்டன் ஹோட்டலை இடிக்காமல், அதற்கு மேலேயே கோஸ்டரை எழுப்பினார்கள். கோஸ்டரை நடத்தியவர்களின் குடும்பம் அந்தக் கட்டடத்தையே வீடாக்கி வாழ்ந்தது. வுடி ஆலனின் 'ஆனி ஹால்' (1977) படத்தில் நாயகன் வளர்ந்ததாகக் காட்டப்படும் வீடு இதுதான். கோஸ்டரோடு வீடும் போயிற்று.

பிழைத்தது எப்படி?

அதே கடற்கரையில் 1927-இல் பிறந்த 'சைக்ளோன்' இன்றும் ஓடுகிறது. 85 அடி உயரம், மணிக்கு 60 மைல் வேகம். அதற்கும் ஆபத்து வந்தது. 1970-களில், அருகிலுள்ள மீன் காட்சியகத்தை விரிவாக்க சைக்ளோனை அகற்றும் திட்டம் இருந்தது. மக்கள் எதிர்த்தார்கள். 1975-இல் ஆஸ்ட்ரோலேண்ட் பூங்கா அதைக் குத்தகைக்கு எடுத்துப் பழுதுபார்த்து ஓடவைத்தது. 1988-இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. 1991-இல் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டிலும் ஏறியது.

இரண்டையும் மக்கள் நேசித்தார்கள். ஆனால் சைக்ளோனுக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது, தண்டர்போல்ட்டுக்குக் கிடைக்கவில்லை. ஓடும் வரை அது ஊரின் பெருமை. நின்றதும், அதிகாரிகளின் கண்ணுக்கு அது துருப்பிடித்த இரும்பு.

பாதுகாப்பு பற்றிய கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. கைவிடப்பட்ட கட்டுமானம் உயிரைக் குடிக்கக்கூடும். ஆனால் அதற்கு வேலி போடலாம், பொறியாளரை வைத்துச் சோதிக்கலாம், உரிமையாளருக்குக் கெடு வைக்கலாம். இடிப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். இடிப்புக்கு நியாயம் இல்லை என்று 2003-இல் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி முடிவுசெய்தது. உரிமையாளருக்கு நஷ்டஈடு தரலாம். ஊருக்கு யார் தருவது?

தண்டர்போல்ட்டின் பக்கத்தில் எழும்பி 2001-இல் திறந்த அந்தப் பேஸ்பால் மைதானத்தின் அணிக்கு 'புரூக்ளின் சைக்ளோன்ஸ்' என்று பெயர். 2014-இல் புதிய எஃகு கோஸ்டர் ஒன்றுக்கு 'தண்டர்போல்ட்' என்று பெயரிட்டார்கள். பழைய கோஸ்டர்களின் பெயர்கள் மக்களை எவ்வளவு ஈர்க்கின்றன என்பதை நகரம் நன்றாகவே அறிந்திருந்தது. அந்த மதிப்பைக் கோஸ்டருக்கே கொடுத்திருந்தால் ஒரு விசாரணையாவது நடந்திருக்கும்.

பழைய கேளிக்கைப் பூங்கா எங்கே இருந்தாலும் என் கோரிக்கை ஒன்றுதான்: கோஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பாதுகாப்புப் பட்டியலில் ஏற்றுங்கள். அகற்றியே தீர வேண்டும் என்றால், இடிப்பு இயந்திரம் வருவதற்கு முன் பொறியாளரின் ஆய்வறிக்கையை வெளியிட்டு, ஊரைக் கூட்டிக் கேளுங்கள்.