வெள்ளச் சேதமும் சர்க்கார் நிவாரணமும்
(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

பயிர்த்தொழிலில் மழையும் புயலும் மனிதர் வசத்திலில்லை. ஆயினும் அவற்றால் நேரும் நஷ்டத்திற்குக் கிடைக்கும் உதவியைப் பெறுவதும் இழப்பதும் பெரும்பாலும் நம் வசத்திலேயே இருக்கின்றன. 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரியருகே கரை கடந்த பெஞ்சல் புயலால் விழுப்புரம், கடலூர் முதலிய ஜில்லாக்களில் விளைந்த சேதத்தை யாவரும் அறிவர். அச்சமயம் பயிரை இன்ஷியூர் செய்யாதவர்களுக்கும் சர்க்கார் நிவாரணம் உண்டென்பதைப் பலர் அறியாதிருந்தனர்.

2022 முதல் 2026 வரைக்கென மத்திய சர்க்கார் வகுத்த பேரிடர் நிவாரண விதிகளின்படி, நூற்றுக்கு 33 பங்கும் அதற்கு மேலும் பயிர் சேதமாயிருந்தால் ஹெக்டேர் 1-க்கு மானாவாரிப் பயிருக்கு ரூ.8,500, இறவைப் பயிருக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500 என்பது விகிதம். ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரையே கணக்கிடப்படும். பெஞ்சல் புயலுக்கும் தமிழ்நாடு சர்க்கார் இவ்விகிதங்களையே அறிவித்தனர். சிறு, குறு விவசாயிகளின் நிலத்தில் 3 அங்குலத்திற்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால், அதை அகற்றுவதற்கு ஹெக்டேருக்கு ரூ.18,000 தனியே விதிக்கப்பட்டிருக்கிறது.

இத்தொகை நஷ்ட ஈடன்று. இறவை நெல்லுக்கு ஏக்கர் 1-க்குச் சுமார் ரூ.6,880 தான் ஆகிறது. மறுபடியும் விதையும் உரமும் வாங்க ஒரு கைத்தாங்கல், அவ்வளவே. ஆகையால் 2016-ல் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உணவுப் பயிருக்குக் கரீப் பருவத்தில் நூற்றுக்கு 2-ம், ராபி பருவத்தில் 1½-ம் பிரீமியம் கட்டிச் சேர்ந்து கொள்வதே விவேகம்.

இனி, அடங்கலைப் பற்றிச் சொல்ல வேண்டியது மிகவும் முக்கியமானது. வருவாய், விவசாய இலாகா உத்தியோகஸ்தர்கள் சேர்ந்து கணக்கெடுக்கையில் சர்வே நம்பர், பயிர், சாகுபடி செய்பவர் பெயர் ஆகியவற்றை அடங்கலைக் கொண்டே சரி பார்க்கிறார்கள். நான் வேலை செய்த ஒரு கிராமத்தில், வாய்மொழிக் குத்தகைக்கு 3 ஏக்கர் சம்பா நட்ட ஒருவரின் பயிர் முழுவதும் அழுகிப் போயிற்று. அடங்கலில் அவர் பெயரில்லை. பணம் நிலத்துக்கு உடையவரின் பாங்கிக் கணக்கில் சேர்ந்தது. நகையை அடகு வைத்து நட்டவரோ வெறுங்கையோடு நின்றார். இதில் எவரும் பொய் சொல்லவில்லை. பெயரைப் பதிய வேண்டிய காலத்தில் ஒருவரும் பதியவில்லை, அதுவே குற்றம்.

பெயரைப் பதிந்தால் உரிமை போய்விடுமென்று மிராசுதாரர்கள் அஞ்சுகிறார்கள். அவ்வச்சத்திற்கு மருந்து மறைப்பதன்று. குத்தகையை எழுத்து மூலமாகச் செய்துகொண்டு, நிவாரணம் யாரைச் சேர்வதென்பதையும் அதிலேயே குறிப்பிடுவதாம்.

ஆகவே விவசாயிகள் நட்ட உடனே அடங்கலில் பதிவைச் சரிபார்த்து, சிட்டா, ஆதார், பாங்கிப் புஸ்தக நகல்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சேதம் நேர்ந்தால் நீரை வடிப்பதற்கு முன்னரே வயலைப் படமெடுத்துக் கிராம நிர்வாக அலுவலருக்கும் விவசாய இலாகாவிற்கும் தாமதமின்றித் தெரிவிக்கவேண்டும். நீர் வடியாத வயலில் சேதத்தின் அளவு புலப்படாதாதலால், வடிந்த பின் மறுமுறை பார்வையிடும்படி கேட்பதும் நலம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் வீட்டிலிருந்தபடியே முந்திய வருஷத்துப் பதிவை நகல் செய்யாமல், வயலில் இறங்கி, ஏர் பிடித்தவர் யாரென்று விசாரித்து எழுதுவார்களாயின், புயலடித்த பின் செய்யக்கூடிய எவ்வுதவியினும் அதுவே மேலானதாகும்.