சொதிக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்: ஒளிரும் பல்பகுதியம் நிறம் பெறுவது எப்படி?

ஊர்காவற்றுறையோ நெடுந்தீவோ, சொதி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த அளவு கைப்பழக்கம்: சட்டி நிறையத் தேங்காய்ப்பால், அதற்கு ஒரு சிட்டிகை மஞ்சள். சட்டியை நிரப்புவது பால். நிறத்தைத் தீர்மானிப்பது மஞ்சள். மின்னால் ஒளிரும் பல்பகுதியங்களுக்குச் சாயம் ஊட்டுவதும் இந்த அளவுக் கணக்குத்தான்.

பால் எது?

இங்கே பால் என்பது பல்பகுதியம், அதாவது பிளாஸ்டிக் வகைச் சங்கிலி மூலக்கூறு. பிளாஸ்டிக் பொதுவாக மின்னைக் கடத்தாது. ஆனால் சங்கிலி நெடுக ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் பல்பகுதியங்களில் இலத்திரன்கள் நகர முடியும். 1990இல் கேம்பிரிட்ஜில் பரோஸ், பிராட்லி, பிரெண்ட் குழுவினர் பிபிவி என்ற பல்பகுதியத்தின் மெல்லிய படலத்தில் மின்னைச் செலுத்தி மஞ்சள் கலந்த பச்சை ஒளியைப் பெற்றார்கள். ஒரு மின்வாயிலிருந்து இலத்திரனும், மற்றதிலிருந்து இலத்திரன் இல்லாத வெற்றிடமான துளையும் படலத்துக்குள் வருகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூலக்கூறு அருட்டப்படுகிறது. அது தணியும்போது ஒளி பிறக்கிறது.

மஞ்சள் என்ன செய்கிறது?

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது. பாலின் கொழுப்பில் கரைந்து பரவும். சாயமும் அப்படியே பல்பகுதியத்தில் சீராகப் பரவ வேண்டும். பல்பகுதியம் உமிழக்கூடிய ஒளியும் சாயம் உறிஞ்சும் ஒளியும் ஒத்துப்போனால், அருட்டப்பட்ட சக்தி ஒளியாக வெளிவருமுன்பே சில நனோமீற்றர் தூரத்திலுள்ள சாயத்துக்குத் தாவிவிடும். பிறகு சாயம் தன் நிறத்தில் ஒளிரும். இதனால்தான் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சாயமே போதுமாகிறது. 1989இல் கோடாக் ஆய்வகத்தில் டாங், வான் ஸ்லைக், சென் ஆகியோர் சிறுமூலக்கூற்றுப் படலத்தில் சாயம் சேர்த்தபோது நிறம் மாறியதுடன் ஒளித்திறனும் ஏறக்குறைய இரட்டித்தது. 1994இல் ஜப்பானில் ஜுன்ஜி கிடோ குழு பிவிகே என்ற பல்பகுதியத்தில் மூன்று சாயங்களைச் சேர்த்து வெண்ணொளியே பெற்றது.

கூடினால்?

மஞ்சள் கூடினால் சொதி கசக்கும். சாயம் கூடினால் மூலக்கூறுகள் திரண்டு, சக்தி ஒளியாகாமல் வெப்பமாகக் கழியும்.

ஒரு வேறுபாட்டை மனதில் வைக்கவேண்டும். சொதியில் மஞ்சள் நீல ஒளியை விழுங்குகிறது. எஞ்சியதை நாம் காண்கிறோம். படலத்தில் சாயமே ஒளியை உமிழ்கிறது. குர்குமினுக்கும் அந்தக் குணம் உண்டு: புற ஊதா விளக்கின் கீழ் அது ஒளிரும். 2018இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழு, போரன் சேர்ந்த குர்குமின் வகைச் சேர்மத்தைச் சாயமாக ஊட்டி, செந்நிறத்துக்கு அப்பாலான அகச்சிவப்பு ஒளியைத் தரும் கருவியைச் செய்தது.

இன்னொரு ஊட்டலும் உண்டு. 1977இல் பொலிஅசற்றிலீனுக்கு அயடீன் ஊட்டியபோது அதன் கடத்துதிறன் பல மடங்கு உயர்ந்தது. அது மின்னோட்டத்துக்கான ஊட்டல். அதற்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. சாய ஊட்டல் ஒளியின் நிறத்துக்கானது.

இதே பொருள்களை எதிர்த்திசையில் இயக்கினால் ஒளியிலிருந்து மின் கிடைக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன், 2005இல் அதே பிராட்லியுடனும் பிறருடனும் பல்பகுதியமும் தைத்தானியம் ஈரொட்சைட்டும் சேர்ந்த சூரியக் கலங்களைப் பற்றி எழுதினார். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் டீசல் மின்னுக்குத் துணையாகச் சூரியசக்தியும் காற்றும் சேரும் திட்டம் வந்திருக்கும் இக்காலத்தில், தீவகத்துப் பிள்ளைகள் இந்த வேதியியலைப் படிப்பது பாடப் புள்ளிக்கு மட்டுமல்ல. தங்கள் ஊர் வெளிச்சத்தைத் தாங்களே கையாளவும்தான்.