சோறும் தண்ணீரும் கையோடு

வெளிநாட்டில் எங்கோ பூமி அதிர்ந்து, டி.வி.யில் இடிபாடுகளைக் காட்டியதும் பல நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் இருப்பு கொள்ளாது. அந்த மனதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன் ஹைத்தியில் நடந்ததைக் கேட்டுவிட்டுப் போங்கள். உட்காருங்கள், டீ வரட்டும்.

2010 ஜனவரி 12 மாலை, 7.0 அளவு நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் மருத்துவமனைகள் விழுந்தன. சுகாதார அமைச்சகக் கட்டடமே விழுந்தது. அரசு நர்ஸிங் பள்ளி இடிந்து மாணவிகள் பலர் இறந்தார்கள். உதவ வருகிறவர்களை யார் எங்கே போவது என்று பிரித்து அனுப்ப ஆளே இல்லை. விமான நிலையத்திலோ ஒரே ஓடுதளம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் கூடார மருத்துவமனையை ஏற்றி வந்த விமானத்தையே இறங்க விடாமல் பக்கத்து நாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த நெரிசலில் தனியாக வந்து இறங்கியவருக்கும் தண்ணீர் வேண்டும், படுக்க இடம் வேண்டும், கிரியோல் மொழி தெரிந்த துணை வேண்டும். எல்லாம் இழந்து நிற்கும் ஊரிடம்தான் அதையும் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்தது, காயம். இடிபாட்டில் தொடை மணிக்கணக்காக நசுங்கிக் கிடக்கும். ஆனால் ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். மேலிருக்கும் பாரத்தைத் தூக்கியதும் நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் மயோகுளோபினும் ரத்தத்தில் கலக்கும். முன்னது இதயத்தை நிறுத்திவிடும். பின்னது சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போகும். அதனால் ஆளை வெளியே இழுப்பதற்கு முன்பே சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும். ரிங்கர் லாக்டேட் கூடாது, அதிலேயே பொட்டாசியம் இருக்கிறது. பிறகு டயாலிசிஸ் தேவைப்படலாம். 1988-இல் ஆர்மீனியாவில் இப்படிச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் குவிந்த பிறகுதான் உலகச் சிறுநீரக மருத்துவர்கள் இதற்கென்றே ஒரு படையை அமைத்தார்கள். இன்னொன்று: மண் புகுந்த காயத்தை உடனே தைக்கக் கூடாது. கழுவி, செத்த தசையை நீக்கி, திறந்தே விட்டுச் சில நாள் கழித்துத் தைக்க வேண்டும். ஊரில் கை பழகிய வேகத்தில் அன்றே தையல் போட்டால் உள்ளே சீழ் கோக்கும், காலையே எடுக்க வேண்டி வரும்.

ஹைத்தியில் கால் எடுக்கப்பட்ட பலருக்கு அறுவை செய்தவர் யார், ஏன் எடுத்தார் என்ற குறிப்புகூட இல்லை. இந்த அனுபவத்துக்குப் பிறகு, 2013-இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கு வரையறை வகுத்தது. அதன்படி, முதல் வகைக் குழு நாளுக்குக் குறைந்தது 100 வெளிநோயாளிகளைப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்கு 20 படுக்கையும், நாளுக்கு 7 பெரிய அறுவையோ 15 சிறிய அறுவையோ செய்யும் வசதியும் இருக்க வேண்டும். சோறு, தண்ணீர், மின்சாரம், கழிவறை எல்லாம் குழுவே கொண்டுபோக வேண்டும். எனக்குப் பிடித்த விதி இதுதான்.

நீங்கள் போய்ச் சேரும்போது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கடந்திருக்கும். இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுத்தவர்களில் பெரும்பாலோரை அக்கம்பக்கத்தாரே எடுத்திருப்பார்கள். உங்கள் முன்னால் வருவது அழுகிய காயம், பிரசவ வலி, இன்சுலின் கிடைக்காத சர்க்கரை நோயாளி, வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தை. அங்கே அறுவை நிபுணரைவிட நல்ல வார்டு நர்ஸுக்கு வேலை அதிகம். இது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கழிவறைக்கு வருகிறேன். 2010 அக்டோபரில், நூறாண்டாகக் காலரா பதிவாகாத ஹைத்தியில் அது பரவியது. ஐ.நா. அமைதிப் படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்ததுதான் காரணம். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2016-இல் அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆகவே தனியாகப் போகாதீர்கள். அந்த நாடு அழைத்த, பதிவு பெற்ற குழுவில் சேருங்கள். பேரிடர் வந்த பிறகு தேடாமல், இப்போதே சேர்ந்து பயிற்சி எடுங்கள். பதிவுச் சான்றிதழ், தடுப்பூசி, காப்பீடு மூன்றையும் தயாராக வையுங்கள். அங்கே பார்க்கிற ஒவ்வொருவருக்கும் என்ன செய்தீர்கள், கட்டு எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதி, ஒரு பிரதியை அவர் கையிலும் இன்னொன்றை உள்ளூர் டாக்டரிடமும் கொடுங்கள்.